போலீசைத் தாக்கியதாகத் தண்டனையா? அப்பீல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனச் சோதனையில் வாக்குவாதம், திருவிழாக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு, பையனைத் தேடி ராத்திரியில் வந்த போலீசோடு வாசலில் தகராறு. பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. நாலைந்து வருஷம் வாய்தா ஓடி, ஒரு நாள் தீர்ப்பு வருகிறது: ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம். அதைக் கேட்டுவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து உட்காரும் குடும்பங்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: “போலீஸ் போட்ட கேஸ்ல போலீஸை எதிர்த்து எங்க சார் ஜெயிக்கிறது?” ஜெயிக்க முடியும். ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயத்திலேயே அப்பீலுக்கான முப்பது நாள் கெடுவைத் தவறவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருப்பது இந்தியச் சட்டமும் தமிழ்நாட்டு நீதிமன்றங்களின் நடைமுறையும்.

எந்தப் பிரிவில் தண்டனை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்கியதற்கு 353, இரண்டு வருடம் வரை. காயம் ஏற்படுத்தினால் 332, மூன்று வருடம் வரை. கொடுங்காயம் என்றால் 333, பத்து வருடம் வரை. அந்தத் தேதியிலும் அதற்குப் பின்னும் நடந்தவற்றுக்குப் பிஎன்எஸ், அதாவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். 353-க்குப் பதில் 132, தண்டனை அதே இரண்டு வருடம்தான். 332-க்குப் பதில் 121(1), இதில் உச்சவரம்பு ஐந்து வருடமாக ஏறிவிட்டது. 333-க்குப் பதில் 121(2), குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் பத்து. எந்தச் சட்டம் என்பதைச் சம்பவம் நடந்த தேதிதான் தீர்மானிக்கும், தீர்ப்பு வந்த தேதி அல்ல.

இவற்றோடு, பழைய சட்டத்தின் எண்களில் சொன்னால், ஆபாசமாகத் திட்டியதற்கு 294(பி), மிரட்டியதற்கு 506, பணிக்கு இடையூறு செய்ததற்கு 186 என்று சில துணைப் பிரிவுகளும் ஒட்டிக்கொண்டு வரும். பலர் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அப்பீலில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எதிர்க்க வேண்டும். உதாரணத்துக்கு 186: பாதிக்கப்பட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்து மூலம் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் அதை விசாரணைக்கே எடுக்கலாம். வெறும் குற்றப்பத்திரிகை போதாது. ஆனால் 186 விழுந்தால் 353-உம் கூடவே விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு குற்றங்கள் என்று உச்ச நீதிமன்றம் 1966-லேயே சொல்லிவிட்டது.

எத்தனை நாளுக்குள், எங்கே போட வேண்டும்?

மாஜிஸ்திரேட் தண்டித்திருந்தால் அமர்வு நீதிமன்றத்தில், 30 நாளுக்குள். அமர்வு நீதிபதி தண்டித்திருந்தால் உயர் நீதிமன்றத்தில், 60 நாளுக்குள். உங்கள் மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னை அல்லது மதுரைக் கிளை.

சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் நகலைக் குற்றவாளிக்கு இலவசமாக, உடனே கொடுக்க வேண்டும். சாட்சி வாக்குமூலங்களுக்கும் சான்றாவணங்களுக்கும் தனியாக நகல் மனு போட வேண்டும். சான்றிட்ட தீர்ப்பு நகலுக்கு மனு போட்ட நாளிலிருந்து அது தயாராகும் நாள் வரை ஆகும் காலம் கெடுவில் சேராது. ஆகவே மனு போட்ட தேதியும் நகல் கிடைத்த தேதியும் முத்திரையில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கெடு தாண்டிவிட்டால் தாமத மன்னிப்பு மனு போடலாம். ஒவ்வொரு நாளுக்கும் நம்பும்படியான காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

தீர்ப்பு சொன்ன அன்றே ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் இது நீங்கள் எவ்வளவு தயாராகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வழக்கு நடந்த காலம் முழுக்க ஜாமீனில் இருந்து, விதித்த தண்டனையும் மூன்று வருடத்துக்கு மேல் போகவில்லை என்றால், “அப்பீல் செய்யப்போகிறேன், அதுவரை தண்டனையை நிறுத்தி வையுங்கள்” என்று தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்திலேயே மனு கொடுக்கலாம். தனியாகக் காரணம் ஏதும் இருந்தாலொழிய நீதிமன்றம் விடுவித்தாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 389(3), அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்-ஸில் 430.

அந்த மத்தியான நேரம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். தீர்ப்பு வாசித்ததும் காவலர் உங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். அபராதத்தைக் கட்டி ரசீது வாங்க வேண்டும். மனு தயாராக வேண்டும். இரண்டு ஜாமீன்தாரர்கள் ஆதார் அட்டை, புகைப்படம், வீட்டு வரி ரசீதோடு நீதிபதி முன் நிற்க வேண்டும். ஜாமீன்தாரரில் ஒருவர் ஊரில் இருந்தால்? “பஸ் ஏறிட்டேன், வந்துட்டே இருக்கேன்” என்று அவர் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோர்ட் நேரம் முடிந்துவிடும். அன்று ராத்திரி சிறையில்தான். இந்த ஒரே காரணத்துக்காக உள்ளே போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. விடுதலைதான் ஆகும் என்று வக்கீலே சொன்னாலும், தீர்ப்பு நாளன்று இரண்டு பேரைக் கையோடு அழைத்துப் போங்கள்.

இந்த நிறுத்தம் அப்பீல் போடுவதற்கான அவகாசம் வரைக்கும்தான். அப்பீல் போடும்போது மேல் நீதிமன்றத்தில் மறுபடியும் தண்டனை நிறுத்த மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். இதை மறந்துவிட்டு வாரண்ட் வந்த பிறகு ஓடி வருபவர்கள் பலர். மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை என்றால் நேரடியாக மேல் நீதிமன்றத்தில்தான் கேட்க முடியும். அதுவரை சிறையில் இருந்தாக வேண்டும்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமா?

கூடாது. நீங்கள் போட்ட அப்பீலில் தண்டனையைக் கூட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட்டு, உங்களையும் கேட்ட பிறகுதான் கூட்ட முடியும். அப்படி ஒன்று வந்தாலும், அதே அப்பீலில் “நான் குற்றமே செய்யவில்லை” என்று வாதிடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இதைக் கேட்டுத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்பீலில் மறுபடியும் சாட்சிகளை விசாரிப்பார்களா?

மாட்டார்கள். கீழ்க் கோர்ட்டில் பதிவானதை வைத்துத்தான் வாதம். அமர்வு நீதிபதி சாட்சியங்களை முழுசாகப் புதிதாக எடைபோடலாம், மாஜிஸ்திரேட் நம்பியதை இவர் நம்பாமல் விடலாம். மிகவும் அவசியம் என்றால் கூடுதல் சாட்சியத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் அது அரிது. அதனால்தான் புது வக்கீல் யாராக இருந்தாலும், முதல் சந்திப்பில் கட்டு முழுவதையும் படித்தாரா என்று கேளுங்கள். இந்த வகை அப்பீல்கள் பேச்சுத் திறமையால் ஜெயிப்பதை நான் பார்த்ததில்லை. சாட்சி வாக்குமூலத்தின் இரண்டாவது பக்கத்தில் கிடக்கும் ஒரு வரியால்தான் ஜெயிக்கின்றன.

இன்னொன்று: உங்களுக்கு எதிரான சாட்சியம் ஒவ்வொன்றையும் நீதிபதி உங்களிடம் கேள்வியாகக் கேட்டுப் பதில் வாங்கியிருக்க வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தில் 313, இப்போது பிஎன்எஸ்எஸ்-ஸில் 351. கேட்காமல் விட்ட ஒன்றைத் தீர்ப்பில் பயன்படுத்தியிருந்தால் அது நல்ல அப்பீல் காரணம்.

நான் கை வைக்கவே இல்லை, வாக்குவாதம்தான் செய்தேன். இது உதவுமா?

இதுதான் பல அப்பீல்களின் உயிர்நாடி. 353-க்குத் ‘தாக்குதல்’ அல்லது உடல் பலத்தைப் பிரயோகித்தல் இருந்தாக வேண்டும். ஓங்கிய கை உடம்பில் படாவிட்டாலும் அது தாக்குதல் ஆகலாம். ஆனால் வெறும் வார்த்தை மட்டும் தாக்குதல் ஆகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. பேச்சு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதற்கு வேறு பிரிவு இருக்கிறது, 353 வராது.

பெங்களூரில் ஒரு தம்பதி மீது, தங்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் போக்குவரத்து போலீசின் ஃபேஸ்புக் பக்கத்தில் குறை எழுதியதற்காக 353 போட்டார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘இடையூறு செய்தார்’ என்று மட்டும் எழுதினால் தாக்குதல் ஆகாது என்று 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. தண்டனைக்குப் பிந்தைய அப்பீலுக்கு இன்னும் நெருக்கமானது 2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராம வருவாய் ஊழியரை லஞ்சப் பொறியில் பிடிக்க வந்த போலீஸ் குழுவிடமிருந்து அவர் திமிறி ஓடினார். அந்த இழுபறிக்காக 353-ல் தண்டனை, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தப்பிக்கத் திமிறியதைத் தாக்கும் நோக்கமாக எடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆக, சாட்சி என்ன வார்த்தை சொன்னார் என்று பாருங்கள். ‘சட்டையைப் பிடித்தார்’, ‘தள்ளிவிட்டார்’, ‘இடித்துக்கொண்டு ஓடினார்’, ‘தகராறு செய்தார்’: நாலும் நாலு விதம். புகாரில் ‘தகராறு செய்தார்’ என்று இருப்பது கோர்ட்டில் ‘கன்னத்தில் அறைந்தார்’ என்று ஆகியிருந்தால், குறுக்கு விசாரணையில் அதைக் கேட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

அந்த அதிகாரி அப்போது கடமையில் இருந்தாரா என்பதும் நிரூபிக்க வேண்டிய விஷயம்தான். பணிப் பதிவேடு, ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு சான்றாவணமாக வந்திருக்கிறதா? லீவில் இருந்தவர், சொந்தக்காரர் நிலத் தகராறில் வந்து நின்றவர், கடமையில் இருந்ததாக ஆகிவிடாது.

போலீஸ்காரருக்குக் காயம் என்று டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதே?

சர்டிபிகேட்டை மட்டும் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனையில் காயத்தோடு யார் போனாலும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கோர்ட் வட்டாரத்தில் அதை ஏ.ஆர். காப்பி என்போம். எத்தனை மணிக்கு வந்தார், யார் கூட்டி வந்தார்கள், தன்னை எத்தனை பேர், எதனால் தாக்கியதாக அவரே சொன்னார் என்பதெல்லாம் அதில் டாக்டர் கைப்பட இருக்கும். சம்பவத்துக்குப் பின் முதன்முதலில் பதிவாகும் பேச்சு பெரும்பாலும் அதுதான், எஃப்ஐஆருக்கும் முந்தியது.

நான் நடத்திய ஒரு அப்பீலில் தந்தை, இரண்டு மகன்கள் என மூன்று பேருக்கு ஒரு வருடத் தண்டனை. எஃப்ஐஆரில் மூவர் பெயரும் இருந்தது, கட்டையால் அடித்ததாகவும் இருந்தது. ஏ.ஆர். காப்பியில் டாக்டர் எழுதியது: ‘தெரிந்த ஒரு நபர் கையால் தாக்கியதாகக் கூறுகிறார்’. ஒரு நபர், கை. கீழ்க் கோர்ட்டில் அந்தத் தாள் சான்றாவணமாகக் குறிக்கப்பட்டு, வழக்குக் கட்டின் நடுவில் அப்படியே இருந்தது. அதைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்பீலில் அந்த வரியை நீதிபதி இரண்டு முறை வாசித்தார். தந்தையும் மூத்த மகனும் விடுதலை. இளைய மகனுக்குக் குற்றம் நிலைத்தது, தண்டனை குறைந்தது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் அந்த அப்பா எழுபது வயதில் சிறைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனார்.

அதே மாதிரி எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்றும் பாருங்கள். தாளின் மேலேயோ ஓரத்திலேயோ நீதிபதியின் சுருக்கொப்பம், தேதி, நேரம் இருக்கும். காலை பத்து மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்ஐஆர், பக்கத்துத் தெருவில் இருக்கும் நீதிபதி வீட்டுக்கு மறுநாள் மத்தியானம் போயிருந்தால், நடுவில் யோசித்துப் பெயர்களைச் சேர்த்தார்களா என்ற கேள்வி வருகிறது. தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது. மற்ற முரண்பாடுகளோடு சேரும்போது கனம் கூடும்.

சாட்சிகள் எல்லாருமே போலீஸ். விடுதலைக்கு அது போதாதா?

போதாது. போலீஸ் என்பதற்காக மட்டும் சாட்சியத்தைத் தள்ள முடியாது என்பது நிலைத்த சட்டம். ஆனால் பஜார் நடுவில், பட்டப்பகலில் நடந்ததாகச் சொல்லும் சம்பவத்துக்கு ஒரு கடைக்காரர்கூட சாட்சி இல்லை என்றால், ஏன் என்று கேட்கலாம். புகார் கொடுத்தவரே புலனாய்வும் செய்தால் வழக்கு தானாகவே செல்லாது என்று 2018-ல் வந்த தீர்ப்பை இன்னும் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. இப்போது பாரபட்சம் நடந்ததற்கு அந்த வழக்கிலேயே அறிகுறி காட்ட வேண்டும்.

அடி வாங்கியது நான்தான். என் கை முறிந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது, ஏனென்றால் வருகிறவர்களில் பலருடைய உண்மை இது. கைதானவருக்குக் காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு சொல்லவில்லை என்றால், சம்பவத்தின் முழு உண்மையை அவர்கள் சொல்லவில்லை என்று வாதிடலாம். ‘தப்பி ஓடும்போது விழுந்தார்’, ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று எழுதியிருந்தால் டாக்டரின் சாட்சியம் அதோடு பொருந்துகிறதா? ரிமாண்ட் செய்தபோது மாஜிஸ்திரேட் எழுதிய குறிப்பு, சிறைக்குள் சேர்த்தபோது சிறை மருத்துவர் எழுதிய குறிப்பு: இரண்டையும் தேடிப் பிடியுங்கள்.

தற்காப்பு என்ற வாதத்துக்கு இங்கே ஒரு வரம்பு உண்டு. அரசு ஊழியர் தன் பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் செயல், சட்டப்படி முழுக்கச் சரியாக இல்லாவிட்டாலும், அதற்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. விலக்கு இரண்டு. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமாகப் பயப்பட வேண்டிய நிலை ஒன்று. வந்தவர் அரசு ஊழியர் என்றே உங்களுக்குத் தெரியாமல், தெரிய வழியும் இல்லாமல் இருந்தது இன்னொன்று. சீருடை இல்லாமல், பெயர்ப் பட்டை இல்லாமல் ராத்திரியில் கதவைத் தட்டியவர்களைத் திருடர்கள் என்று நினைத்துத் தள்ளியவருக்கு இந்த இரண்டாவது விலக்கு பெரிய பலம். கைது செய்ய வருபவர் பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் விதித்தது. பிறகு அது சட்டத்திலேயே ஏறியது.

ஸ்டேஷனுக்குள் நடந்ததாகச் சொல்லும் சம்பவம் என்றால், எல்லாக் காவல் நிலையங்களிலும் சிசிடிவி இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பதிவைக் கேட்டு விசாரணைக் காலத்திலேயே மனு போட்டிருந்து, அது வரவில்லை என்றால், அப்பீலில் அதை வலுவாகச் சொல்லுங்கள்.

எஸ்ஐயிடம் மன்னிப்புக் கேட்டுச் சமாதானமாகிவிடலாமா?

353, 332 எல்லாம் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்கள் இல்லை. யார் மூலமாகவோ பேசி முடிப்பதாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டப்படி அதனால் எதுவும் நடக்காது.

குற்றத்தை ஒத்துக்கொண்டு, சிறை மட்டும் இல்லாமல் பார்க்க முடியுமா?

முடியலாம். 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டப்படி, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரத்தில் விடுவிக்க அப்பீல் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. 21 வயதுக்குக் குறைவானவர் என்றால் அதைப் பரிசீலிக்காமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் காரணம் எழுத வேண்டும். கல்லூரிப் பையன், முதல் வழக்கு, சின்னக் காயம் என்றால் இதைக் கட்டாயம் மாற்று வாதமாக மனுவில் எழுதச் சொல்லுங்கள். கீழ்க் கோர்ட்டில் பல வக்கீல்கள் இதைக் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம். ஏற்கெனவே ரிமாண்டில் இருந்த நாட்களும் தண்டனையில் கழியும்.

அரசு வேலையில் இருக்கிறேன். தண்டனை நிறுத்தப்பட்டால் வேலை தப்புமா?

தண்டனை நிறுத்தம் உங்களைச் சிறைக்கு வெளியே வைத்திருக்கும், அவ்வளவுதான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அதை வைத்துத் துறை நடவடிக்கை எடுக்கலாம். அந்தத் தீர்ப்பையே நிறுத்தி வைக்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், நிறுத்தாவிட்டால் வரும் விளைவுகளை விவரமாகக் காட்ட வேண்டும். நீதிமன்றங்கள் அபூர்வமாகத்தான் கொடுக்கின்றன. நன்னடத்தைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிறது. ஆனாலும் அந்த நடத்தைக்காகத் துறை எடுக்கும் நடவடிக்கையை அது முழுக்கத் தடுக்காது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனு அனுப்பலாம். வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் குற்ற அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது, பதிவுகளைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

அப்பீலும் தள்ளுபடியானால்?

உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் சீராய்வு மனு. அங்கே வழி குறுகல்: சட்டப் பிழையா, சாட்சியமே இல்லாமல் வந்த முடிவா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் அமர்வு நீதிமன்ற அப்பீலிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது அப்பீல் செய்தவர் இறந்துவிட்டால், நெருங்கிய உறவினர் 30 நாளுக்குள் அனுமதி கேட்டு அவர் பெயருக்காகத் தொடர்ந்து நடத்தலாம்.

விடுதலை கிடைத்தது. அப்புறம் என்ன செய்ய வேண்டும்?

தீர்ப்பின் சான்றிட்ட நகல் மூன்று நான்கு வாங்கி வையுங்கள். கட்டிய அபராதத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரசீதோடு கீழ்க் கோர்ட்டில் மனு போடுங்கள். ஜாமீன்தாரர்கள் அடகாகக் கொடுத்த மூலப் பத்திரம், ஆர்சி புத்தகம் ஏதாவது கோர்ட்டில் இருந்தால் கேட்டு வாங்கி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஒரு நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பாஸ்போர்ட்டுக்கோ வேலைக்கோ சரிபார்ப்பு வரும்போது அவர்கள் பதிவேட்டில் பழைய தண்டனை மட்டும் இருந்தால், காட்டுவதற்கு உங்களிடம் அந்தத் தாள்தான் இருக்கும்.